வீட்டைத் தூய்மை செய்ய உப்பும் காப்புச் சின்னங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறையின் மூலையில் உப்புக் கிண்ணம் வைப்பது, வாசற்படியில் உப்புத் தூவுவது, தரையை உப்புநீரால் துடைப்பது, நிலைக்கு மேலே கண் அல்லது கை வடிவத்தை மாட்டுவது ஆகிய பழக்கங்களைப் பற்றி மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. நம்புகிறவர்களையும் ஐயப்படுகிறவர்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். சடங்கை மதிக்கலாம், ஆனால் உப்பு காட்டும் இயற்கையான மாற்றங்களை ஆவிகளின் செய்தியாக வாசிக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை அந்த நிலைப்பாட்டிலிருந்தே பிறந்தவை.

உப்பைத் தூய்மைக்குரிய பொருளாக மனிதர்கள் ஏன் கருதினார்கள்?

முதற்காரணம் எளியது: உப்பிட்ட பொருள் எளிதில் கெடுவதில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள நீரை உப்பு தன்பால் இழுத்துக்கொள்வதால், அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அங்கே பெருக முடிவதில்லை. நுண்ணுயிர் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், அழுகலைத் தடுத்து நிறுத்தும் வெண்ணிறப் பொருள் ஒன்று கையில் இருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத பிற கேடுகளையும் அது தடுக்கும் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

இந்த எண்ணம் மிகப் பழையது. பண்டைய மெசொப்பொத்தேமியாவில், சூனியத்தை முறிப்பதற்கென்று தொகுக்கப்பட்ட மக்லூ என்னும் மந்திரத் தொகுதியில் உப்பையே விளித்துச் சொல்லும் மந்திரம் ஒன்று உள்ளது. தூய இடத்தில் பிறந்ததாகவும், தெய்வங்களின் உணவாக விதிக்கப்பட்டதாகவும் உப்பைப் புகழ்ந்து, தன்மீது ஏவப்பட்ட கட்டை அவிழ்க்கும்படி பாதிக்கப்பட்டவர் அதனிடம் வேண்டுகிறார். எபிரேய வேதத்தின் லேவியராகமம் 2:13, தானியக் காணிக்கை ஒவ்வொன்றும் உப்பிடப்பட வேண்டும் என்கிறது. இரண்டாம் இராஜாக்கள் நூலின் இரண்டாம் அதிகாரத்தில், எலிசா தீர்க்கதரிசி எரிகோவின் கெட்ட நீரூற்றில் உப்பைப் போட்டு அதை நலமாக்குகிறார். இந்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தே கத்தோலிக்கத் திருச்சபை தன் 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலில் உப்பை மந்திரிக்கும் செபத்தை அமைத்தது. திருமுழுக்கின்போது குழந்தையின் நாவில் உப்பு வைக்கும் வழக்கம் 1969இல் புதிய சடங்கு முறை வரும்வரை நீடித்தது. பண்டைய உரோமில் வெஸ்தா தேவதையின் கன்னிகள் உப்பும் மாவும் கலந்து தயாரித்த கலவையைப் பலிவிலங்கின் மீது தூவினார்கள்.

ஜப்பானின் ஷின்தோ மரபில் உப்புக்கு இன்னும் உயிர்த்துடிப்பான இடம் உண்டு. சுமோ மல்லர்கள் களத்தில் இறங்கும்போது உப்பை வாரி இறைப்பது களத்தைத் தூய்மைப்படுத்தவே. இறுதிச் சடங்கிற்குச் சென்று திரும்புகிறவர் வீட்டுக்குள் நுழையும் முன் தன்மீது தூவிக்கொள்வதற்காகச் சிறு பொட்டலத்தில் உப்பு தருவதும் அங்கே வழக்கம். ஆனால் அதே நாட்டின் ஜோதோ ஷின்ஷு பௌத்தப் பிரிவினர் மரணத்தைத் தீட்டாகக் கருதுவதில்லை. ஆகவே அவர்களுக்கு இந்த உப்பு தேவைப்படுவதில்லை. உப்புச் சடங்கு எல்லோருக்கும் பொதுவான விதி என்று யாராவது உறுதியாகச் சொன்னால், இந்த ஓர் எடுத்துக்காட்டை நினைவில் கொள்ளலாம்.

எந்த வகை உப்பைப் பயன்படுத்த வேண்டும்?

எதையும் பயன்படுத்தலாம். கல் உப்பு, கடல் உப்பு, பாறை உப்பு, அயோடின் சேர்த்த தூள் உப்பு ஆகிய அனைத்திலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறமுள்ள இமாலய உப்பு பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கப் பகுதியிலிருந்து வருவது; அதன் நிறத்துக்கு அதிலுள்ள இரும்புச் சேர்மங்களே காரணம், நிறத்தைத் தவிர வேறு சிறப்பு அதற்குக் கிடையாது. கல் உப்பையே பலரும் விரும்புவதற்கு நடைமுறைக் காரணம் உண்டு: கையால் அள்ளவும், பின்னர் கூட்டி எடுக்கவும் அது எளிது. சடங்குக்கென்றே உயர்ந்த விலையில் விற்கப்படும் உப்பை வாங்கத் தேவையில்லை.

வீட்டில் இதைச் செய்யும் முறை என்ன?

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சாதாரணத் துப்புரவு நடக்க வேண்டும். ஒட்டடை அடித்து, தேவையற்ற பொருள்களை அகற்றி, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தந்த பிறகு செய்யப்படும் உப்புச் சடங்கே பொருள் உடையது. அழுக்கின் மீது தூவப்படும் உப்பு அழுக்கோடு அழுக்காகக் கிடக்கும். வீட்டின் மிக உள்ளே இருக்கும் அறையில் தொடங்கி, தலைவாசலை நோக்கி நகர்ந்து வருவது பல மரபுகளுக்குப் பொதுவான ஒழுங்கு. வேண்டாதது வெளியேறுகிறது என்ற எண்ணத்துக்கு அந்தத் திசை ஒத்துப்போகிறது.

கிண்ணத்தில் வைப்பதாக இருந்தால், கண்ணாடி, பீங்கான் அல்லது சுட்ட மண் கிண்ணத்தில் இரண்டு மூன்று கரண்டி உப்பிட்டு, குழந்தைகளுக்கும் விலங்குகளுக்கும் எட்டாத உயரத்தில் வைக்கலாம். உலோகக் கிண்ணம் வேண்டாம். ஈரம் பட்ட உப்பு அதை அரித்துவிடும். தரையைத் துடைப்பதாக இருந்தால், ஒரு வாளி நீருக்கு ஒரு சிறு கைப்பிடி போதும். துடைத்து முடித்தபின் வெறும் நீரால் மறுபடியும் ஒருமுறை துடைத்துவிட வேண்டும், இல்லையெனில் தரையில் வெள்ளைப் படலம் தங்கிவிடும். வாசற்படியில் கோடு போல் தூவுகிறவர்கள் அதை மறுநாள் காலையில் கூட்டி எடுத்துவிடுவது நல்லது.

மந்திரம் தெரியாதே என்று சிலர் தயங்குகிறார்கள். உங்கள் சமயத்தில் வழங்கும் வேண்டுதலைச் சொல்லலாம். சமயப் பற்று இல்லாதவர், இந்த அறையில் நடந்த சண்டை இத்துடன் முடிந்தது என்பது போன்ற ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லலாம். ஒன்றும் பேசாமல் செய்தாலும் குறையில்லை. எதை முடித்துவைக்க விரும்புகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். அது தெளிவாக இல்லாத இடத்தில் எத்தனை கிலோ உப்பும் உதவாது.

கிண்ணத்து உப்பு நீர்த்துப்போனாலோ, விளிம்பைத் தாண்டி வளர்ந்தாலோ, நெருப்பில் இட்டதும் வெடித்தாலோ, அது தீய சக்தி இருப்பதன் அடையாளமா?

இல்லை. இந்தப் பழக்கத்தைச் சுற்றியுள்ள அச்சத்தில் பெரும்பகுதி இந்த மூன்று காட்சிகளிலிருந்தே வருகிறது. எனவே ஒவ்வொன்றையும் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்கும் பொருள். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீர்த்துக் கரையத் தொடங்குகிறது. ஆனால் சுத்திகரிக்கப்படாத கடல் உப்பில் சிறிதளவு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அது 33 சதவீத அளவிலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒரே வீட்டில் குளியலறைக்கு அருகில் வைத்த கிண்ணம் நனைந்திருப்பதும், வெயில் படும் அறையில் வைத்த கிண்ணம் உலர்ந்திருப்பதும் அந்தந்த இடத்தின் ஈரப்பதத்தைக் காட்டுகின்றனவே ஒழிய, அங்கே வசிப்பவரின் மனத்தையோ விதியையோ காட்டவில்லை. சொல்லப்போனால் இதில் ஒரு பயன் இருக்கிறது: ஒரே மூலையில் உப்பு எப்போதும் நனைந்துகொண்டே இருந்தால், அந்தச் சுவரில் நீர்க்கசிவோ பூஞ்சையோ இருக்கிறதா என்று பார்ப்பது அறிவுடைமை.

உப்புநீர்க் கிண்ணத்தில் நாணயங்களை இட்டு மாதக்கணக்கில் வைக்கும் முறை, வீட்டமைப்பைப் பற்றிய சீன மரபாகிய ஃபெங் சுயி வழியில் பரவியது. அந்த நீர் கண்ணாடிச் சுவரில் நுண்ணிய படிகங்களின் இடைவெளி வழியே மேலேறி, விளிம்பில் உலர்ந்து, புதிய படிகங்களை விட்டுச் செல்கிறது. அந்தப் படிகங்களின் வழியே மேலும் நீர் ஏறுகிறது. இப்படித்தான் பாத்திரத்துக்கு வெளியே வெள்ளைப் பவளம்போல் உப்பு படர்கிறது. செம்பு கலந்த நாணயங்கள் பச்சையாவது, உப்பு செம்பைத் தாக்கிச் சேர்மங்களாக மாற்றுவதால். எவ்வளவு படர்ந்திருக்கிறதோ அவ்வளவு கெட்ட சக்தி உறிஞ்சப்பட்டிருக்கிறது என்ற விளக்கத்தை ஏற்றால், எல்லா வீடுகளும் கெட்ட வீடுகளாகத்தான் இருக்க முடியும். ஏனென்றால் எல்லா வீட்டிலும் உப்பு படரும்.

நெருப்பில் இட்ட உப்பு பட்பட்டென்று வெடிப்பதும் இப்படியே. படிகம் உருவாகும்போது அதன் உள்ளே மிக நுண்ணிய உப்புநீர்த் துளிகள் சிறைப்பட்டுவிடுகின்றன. சூடேறும்போது அவை நீராவியாகி விரிந்து படிகத்தை உடைக்கின்றன. பெரிய கற்களில் இந்தத் துளிகள் மிகுதி என்பதால் கல் உப்பு உரக்க வெடிக்கும், தூள் உப்பு அடங்கிக் கிடக்கும். சுடர் மஞ்சளாக மாறுவது சோடியத்தின் இயல்பு. வெடிச் சத்தத்தைக் கேட்டு, இவ்வளவு கண்ணேறா என்று திடுக்கிட்டு, அண்மையில் வீட்டுக்கு வந்துபோன உறவினர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு படிகத்துக்குள் இருந்த நீர்த்துளிக்காக ஓர் உறவை இழப்பது மிகப் பெரிய விலை.

காப்புச் சின்னங்கள் என்பவை எவை? அவற்றை எங்கே வைப்பது மரபு?

தீமை உள்ளே வராமல் தடுப்பதற்கென்று வைக்கப்படும் எந்த வடிவமும் காப்புச் சின்னமே. உலகெங்கும் இவை வைக்கப்பட்ட இடங்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது: கதவு, சன்னல், வாசற்படி, கூரை, அடுப்பின் புகைபோக்கி என்று, வீட்டின் வெளியும் உள்ளும் சந்திக்கும் திறப்புகளில்தான் அவை இருக்கின்றன. சுவரின் நடுவே அழகுக்காக மாட்டப்படுவது பிற்காலப் பழக்கம்.

அசீரிய அரசர்கள் அரண்மனை வாயிலின் இருபுறமும் மனித முகமும் சிறகும் கொண்ட காளைச் சிலைகளை நிறுத்தினார்கள். இரண்டாம் சார்கோனின் தலைநகராகிய கோர்சாபாத்தில் அவற்றைக் கண்டெடுத்தார்கள். அரண்மனை இல்லாதவர்கள் சிறு களிமண் உருவங்களைத் தரைக்கு அடியில் புதைத்தார்கள். அந்தச் சடங்குக்கு அவர்கள் இட்ட பெயரே, ஒருவரின் வீட்டுக்குள் தீமையின் காலடி புகாமல் தடுத்தல் என்பதாகும். அதே நிலத்தில், பொதுக்காலம் 5 முதல் 8ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில், உட்புறம் முழுதும் அரமேய மொழியில் மந்திரம் எழுதிய மண் கிண்ணங்களை வாசற்படியின் கீழே கவிழ்த்துப் புதைத்தார்கள். பேய் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும் என்பது கருத்து. சீன வீடுகளின் கதவிரண்டிலும் ஒட்டப்படும் காவல் தெய்வங்களில் இருவர், தாங் அரச மரபின் உண்மையான படைத்தலைவர்களான சின் ஷூபாவோவும் யூச்சி கோங்கும் ஆவர்.

இங்கிலாந்தில் இந்த வழக்கத்தின் தடயங்கள் அண்மையில்தான் பெரிய அளவில் கவனிக்கப்பட்டன. பழைய வீடுகளின் நிலைகளிலும் அடுப்பு விட்டங்களிலும் கவராயத்தால் கீறப்பட்ட ஆறிதழ்ப் பூ வடிவமும், ஒன்றோடொன்று பின்னிய இரு வி எழுத்துகளும், வேண்டுமென்றே சுடரால் சுட்ட கருந்தழும்புகளும் காணப்படுகின்றன. கென்ட் மாவட்டத்தின் நோல் மாளிகையில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் வருகைக்காக ஆயத்தம் செய்யப்பட்ட அறையில் இத்தகைய குறிகள் இருப்பதை 2014இல் தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள்; விட்டத்தின் மரம் 1606ஆம் ஆண்டை ஒட்டி வெட்டப்பட்டது. மன்னரைக் கொல்லும் வெடிமருந்துச் சதி அம்பலமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன என்பதை எண்ணினால், அந்தத் தச்சர்களின் அச்சம் நமக்குப் புரியும். பழைய கட்டடங்களைப் பேணும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனம் 2016இல் தங்கள் வீடுகளிலுள்ள இத்தகைய குறிகளைத் தெரிவிக்கும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. 2019இல் கிரெஸ்வெல் கிராக்ஸ் குகையில் நூற்றுக்கணக்கான குறிகள் இருப்பது தெரியவந்தது.

நீல நிறக் கண்ணாடிக் கண், எகிப்தியத் தெய்வமாகிய ஹோரஸின் கண், திறந்த உள்ளங்கையாகிய ஹம்சா, குதிரை லாடம் ஆகியவை இன்று மிகுதியாகக் கிடைப்பவை. கண்ணேற்றைக் கண்ணாலேயே திருப்பி அனுப்புவது என்ற கருத்து கிரேக்கத்திலும் துருக்கியிலும் இன்றும் வலுவாக உள்ளது. நீலக் கண் 2018இல் கைபேசியின் எமோஜி வரிசையிலேயே இடம்பெற்றுவிட்டது.

வேறொரு சமயத்தின் சின்னத்தை என் வீட்டில் வைக்கலாமா?

அதைப் பற்றி ஓரளவு அறிந்துகொண்டு வைத்தால் தவறில்லை. ஹம்சாவை இசுலாமியரும் யூதரும் தத்தம் மரபின் கையாகவே கருதுவதால், சின்னங்கள் எல்லை தாண்டுவது புதிதன்று. ஆனால் எல்லாச் சின்னங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. யூதர்கள் கதவு நிலையின் வலப்புறத்தில் பதிக்கும் மெசூசாவுக்குள் இருப்பது உபாகமத்தின் வசனங்கள் எழுதப்பட்ட தோல் சுருள். அது முதன்மையாக ஒரு கட்டளை, தாயத்து அன்று. 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ், அதற்குள் வானதூதர்களின் பெயர்களை எழுதிக் காப்புப் பொருளாக ஆக்கியவர்களை மிகக் கடுமையாகக் கண்டித்தார். கடவுளின் ஒருமையைச் சொல்லும் ஒரு வாக்கை அவர்கள் தங்கள் சொந்த நன்மைக்கான கருவியாகச் சுருக்கிவிட்டார்கள் என்பதே அவர் குற்றச்சாட்டு. இத்தகைய பொருளை அழகுக்காகவோ அதிர்ஷ்டத்துக்காகவோ பிறர் மாட்டிக்கொள்வதைத் தவிர்க்கலாம்.

வெளியே தெரியும் சின்னத்தைப் பார்ப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதையும் எண்ண வேண்டும். ஆசியாவில் மங்கலமாகக் கருதப்படும் சுவஸ்திகம், ஐரோப்பாவில் நாஜிகளின் கொடியையே நினைவூட்டும். செர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம். சமயச் சின்னம் வேறு, நாஜிச் சின்னம் வேறு என்று தெருவில் செல்பவருக்கு விளக்க உங்களுக்கு வாய்ப்புக் கிடைக்காது. அதை வீட்டுக்குள் வழிபாட்டு இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மாட்டிய சின்னம் உடைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

வரவிருந்த தீமையைத் தான் வாங்கிக்கொண்டு உடைந்தது என்று கண்ணாடிக் கண்ணைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆறுதலான விளக்கம்தான். கண்ணாடி விழுந்தால் உடையும் என்பதும் உண்மை. துண்டுகளைத் தாளில் சுற்றி அப்புறப்படுத்திவிட்டு, விரும்பினால் வேறொன்றை மாட்டுங்கள். நாள் பார்த்துக் கலங்க வேண்டாம்.

இவற்றால் உண்மையில் பயன் உண்டா?

வெளியிலிருந்து வரும் ஒரு சக்தியை உப்போ வடிவமோ தடுத்ததாக எந்தச் சோதனையும் நிறுவவில்லை. ஆனால் செய்பவரின் மனத்தில் சடங்கு எதுவும் செய்வதில்லை என்று சொல்வதும் சரியாகாது. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் பகுதியின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் வாழ்ந்தபோது கவனித்த ஒரு செய்தியை 1925இல் வெளியான கட்டுரையில் எழுதினார்: அமைதியான உள்கடலில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதையும் நாடுவதில்லை, அபாயமும் நிச்சயமின்மையும் மிகுந்த திறந்த கடலுக்குப் போகும்போதுதான் விரிவான மந்திரச் சடங்குகள் நடக்கின்றன. தன் திறமை முடியும் இடத்தில் மனிதன் சடங்கைத் தொடங்குகிறான்.

வீட்டிலும் அப்படித்தான். மணமுறிவுக்குப் பின், மரணத்துக்குப் பின், திருட்டுக்குப் பின், புதிய வீட்டுக்குள் நுழையும்போது என்று, நம் கையில் இல்லாதது நடந்த அல்லது நடக்கக்கூடிய தருணங்களில்தான் உப்பைத் தேடுகிறோம். ஒவ்வோர் அறையாகச் சென்று, கையால் ஒரு வேலையைச் செய்து, வாசலில் நின்று முடிக்கும்போது, நடந்ததற்கும் நடக்கப்போவதற்கும் இடையில் ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோடு விழுந்ததால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அதே உப்பு நோயைத் தீர்க்கும், வழக்கை வெல்லும் என்று சொன்னால் மறுப்பேன்.

வீட்டில் ஏதோ இருப்பதுபோல் தோன்றுகிறது, தலைபாரமாகவும் அச்சமாகவும் இருக்கிறது. உடனே உப்புச் சடங்கு செய்யலாமா?

முதலில் காற்றைச் சோதியுங்கள். கண் மருத்துவர் வில்லியம் வில்மர் 1921இல் ஒரு மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வெளியிட்டார். புதிதாகக் குடிபுகுந்த பழைய வீட்டில் அவர்களுக்கு ஓயாத தலைவலியும் சோர்வும் வந்தன. யாரும் இல்லாத மாடியில் காலடி ஓசை கேட்டது. இரவில் உருவங்கள் தெரிந்தன. வீட்டிலிருந்த செடிகள் வாடின. பழுதான உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உயிரையே பறிக்கும். எரிவாயுச் சூடேற்றி, கரி அடுப்பு, மின்னாக்கி ஆகியவை உள்ள வீட்டில் வாயுவை உணர்த்தும் கருவி ஒன்றைப் பொருத்துவது எந்தக் காப்புச் சின்னத்தையும் விட முந்திய கடமை. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே சென்றால் தணிந்தால், உடனே எல்லோரும் வெளியேறி உதவியை அழைக்க வேண்டும்.

ஓசையும் ஒரு காரணமாகலாம். பொறியாளர் விக் டாண்டி, தான் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டு நடுங்கினார். மறுநாள், மேசையின் இறுக்குக் கருவியில் பொருத்தியிருந்த வாள்வீச்சு வாள் தானாக அதிர்வதைப் பார்த்து ஆராய்ந்தபோது, புதிய காற்றுவெளியேற்றி விசிறி எழுப்பிய, செவிக்கு எட்டாத ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வு அறையில் நிற்பதைக் கண்டறிந்தார். இதை 1998இல் கட்டுரையாக எழுதினார். எல்லா வீட்டுக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. ஆனாலும் ஓடும் இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதில் நட்டமில்லை. உறக்கம் கலையும் நேரத்தில் உடல் அசைய மறுத்து, மார்பின் மீது யாரோ அமர்ந்திருப்பதுபோல் தோன்றினால், அது தூக்க முடக்கம் எனப்படும் நன்கறிந்த நிலை. அச்சம் வாரக்கணக்கில் நீடித்து, குரல்கள் கேட்கத் தொடங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சடங்கு அதற்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக இருக்க முடியாது.

உப்பினால் தீங்கு நேருமா?

நேரும். நாய்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பே நச்சு அறிகுறிகளை உண்டாக்கும், 4 கிராம் உயிரைப் பறிக்கக்கூடும்; அப்படியானால் 5 கிலோ எடையுள்ள ஒரு நாய்க்குத் தரையில் வைத்த கிண்ணத்திலிருந்து இரண்டு மூன்று தேக்கரண்டி உப்பே ஆபத்து. செடித் தொட்டிகளைச் சுற்றித் தூவினால் வேர்கள் நீரை இழந்து செடி பட்டுவிடும். செங்கல் சுவரோரம் நாள்கணக்கில் உப்பு கிடந்தால், அது ஈரத்தோடு சுவருக்குள் புகுந்து, உலரும்போது படிகமாகி, பூச்சை உதிர்த்துவிடும். இரும்புக் கதவின் அடியில் துருப்பிடிக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் மின்செருகிகளுக்கு அருகில் துடைக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் தீமை வெளியேறும் என்று சொல்லி யாருக்கும், குறிப்பாகக் குழந்தைக்கு, உப்புநீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில கரண்டிகளை ஒரே நேரத்தில் கரைத்துக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஏறி மூளை பாதிக்கப்படும். பேயோட்டும் சடங்கில் இப்படிக் குடித்தவர் இறந்த நிகழ்வு மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளது.

உப்பு விளக்கு காற்றைத் தூய்மையாக்குமா?

பார்க்க இதமான வெளிச்சம் தரும், அவ்வளவே. சிறு மின்விளக்கின் வெப்பத்தால் உப்புக்கட்டி காற்றைத் தூய்மையாக்கும் அளவுக்கு அயனிகளை வெளியிடுகிறது என்பதற்குச் சான்று இல்லை. ஈரமான காலத்தில் அதிலிருந்து நீர் வடிந்து மின்கம்பி வரை இறங்கக்கூடும் என்பதால் கீழே தட்டு வைக்க வேண்டும். 2017இல் அமெரிக்காவில் ஒரு வகை உப்பு விளக்குகள், அவற்றின் ஒளி குறைக்கும் விசையும் செருகியும் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் திரும்பப் பெறப்பட்டன.

வீட்டில் யாரோ செய்வினை வைத்திருப்பதாகவும், பெரும் தொகை தந்தால் எடுத்துவிடுவதாகவும் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். முதலில் அச்சத்தை வளர்ப்பது, பிறகு அதற்கு மருந்து விற்பது, மருந்து பலிக்காதபோது தீமை எதிர்பார்த்ததைவிடப் பெரியது என்று சொல்லித் தொகையை உயர்த்துவது ஆகிய மூன்று படிகளும் எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. குடும்பத்தாரிடம் இதைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வது நான்காவது படி. குறிப்பிட்ட ஓர் ஆளைச் சுட்டி, இவர்தான் வைத்தார் என்று சொல்பவரிடம் இன்னும் கவனமாக இருங்கள். அப்படிச் சுட்டப்பட்டவர்கள் அடித்து விரட்டப்பட்டதும் கொல்லப்பட்டதும் பழைய கதையாக முடிந்துவிடவில்லை. உப்பும் சின்னமும் உங்கள் வீட்டைப் பற்றியவையாக இருக்கட்டும். அடுத்த வீட்டைப் பற்றியவையாக மாற விடாதீர்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு நம்பிக்கை இல்லை. நான் மட்டும் செய்யலாமா?

செய்யலாம், உங்கள் அறையில், அவர்களுக்குத் தெரியும்படி. பிறர் தலையணையின் அடியில் மறைத்து வைப்பதும், அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் மீது தூவுவதும் சடங்கு ஆகாது. அவை கண்டுபிடிக்கப்படும் நாளில் வீட்டில் புதிய ஐயம் பிறக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? பயன்படுத்திய உப்பை எங்கே போடுவது?

பொதுவான விதி கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களும் அமாவாசைக்கு அமாவாசை மாற்றுகிறவர்களும் உண்டு. யூதக் குடும்பங்கள் மெசூசாச் சுருளை ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை எடுத்து எழுத்து அழிந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போல, வைத்துவிட்டு மறந்துவிடாமல் ஒரு கால ஒழுங்கை அமைத்துக்கொள்வது பயன் தரும். என்னைக் கேட்டால், கிண்ணத்து உப்பை ஓர் இரவுக்கு மேல் வைக்கத் தேவையே இல்லை. நிலையாக மூலையில் இருக்கும் உப்பு, தூசு படிந்து, கண்ணில் படாத பொருளாகிவிடுகிறது.

பயன்படுத்திய உப்பைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். தரைத்தூசு அதில் கலந்திருக்கும். சிறிதளவாக இருந்தால் நிறைய நீரில் கரைத்துக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றிவிடலாம். அளவு மிகுதியாக இருந்தால் பையில் கட்டிக் குப்பையில் போடுவது மேல். தோட்டத்து மண்ணிலும் கிணற்றிலும் குளத்திலும் கொட்டக் கூடாது. சந்திப் பாதைகளில் பிறர் மிதிக்கும்படி இறைப்பதும் வேண்டாம், அதை வேறொருவர் தனக்காக வைக்கப்பட்டது என்று எண்ணக்கூடும்.